காற்று எந்தப் பக்கம்?

ஓய்வுபெற்ற வாசகர், கொட்டாஞ்சேனை

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் அக்காவின் மகன் நல்ல வேலையை விட்டுவிட்டான். அலைச்சறுக்குப் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பிரான்ஸ் கரையோரமாகக் கிளம்பியவன், இப்போது பழைய வானொன்றில் ஸ்பெயின், போர்த்துக்கல் என்று சுற்றுகிறான். ஆறு மாதமாம். இது பயணமா, பைத்தியமா?

பதில்: பயணம்தான் ஐயா. அடுத்த முறை அவன் கோல் எடுக்கும்போது ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்?" உடனே சொல்வான். வற்று எத்தனை மணிக்கு, பெருக்கு எத்தனை மணிக்கு, நாளைக்கு அலை எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்துச் சொல்வான். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த நம் தெருப் பிள்ளைகளிடமும் அதே கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. அவன் வேலையை விட்டுவிட்டு ஒரு படிப்பில் சேர்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள், மனம் ஆறும்.

வாசகி, வெள்ளவத்தை

கேள்வி: ஒரே கடற்கரையில் தங்கிச் சறுக்கினால் போதாதா? எதற்கு இத்தனை சைக்கிளும் வானும்?

பதில்: நம் தீவில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. பிரான்ஸின் பிஸ்கே விரிகுடாக் கரையில் அது நான்கு மீற்றரைத் தாண்டும் நாட்கள் உண்டு. காலை ஒன்பது மணிக்கு அழகாக உடைந்த அலை, மதியம் அதே இடத்தில் காணாமல் போய்விடும். அலை இடம் மாறும்போது ஆளும் மாற வேண்டும், அதற்குத்தான் சக்கரம். பிரான்ஸின் மேற்குக் கரையோரமாக ரொஸ்கொஃப் முதல் ஹெந்தாய் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சைக்கிள் பாதை இருக்கிறது. தெற்கே லாந்த் பகுதியில் பைன் மரக்காட்டுக்குள் மட்டமாக ஓடும். பலகையைச் சைக்கிளின் பக்கவாட்டுச் சட்டத்தில் கட்டலாம், பின்னால் ஒரு சிறிய இழுவை வண்டியிலும் ஏற்றலாம். ஸ்பெயினின் வடகரை மேடு பள்ளம், மழை, ஈர உடுப்பு. அங்கேதான் வான் கைகொடுக்கும்.

உயர்தர மாணவர், முகத்துவாரம்

கேள்வி: போர்த்துக்கலில் மட்டும் ஏன் மலை போல அலை வருகிறது?

பதில்: கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு இருப்பதால். நாசரே என்ற மீனவ ஊருக்கு முன்னால் 200 கிலோமீற்றருக்கு மேல் நீளும் அந்தப் பள்ளத்தாக்கு, தன் ஆழமான பகுதியில் ஐயாயிரம் மீற்றர் வரை இறங்குகிறது. ஆழத்தில் வரும் அலை வேகம் குறையாமல் கரைக்கு ஓடிவரும். பக்கத்தில் ஆழம் குறைந்த மேடையில் வரும் அலையோ மெதுவாகிவிடும். இரண்டும் ஓரிடத்தில் சந்தித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மலை. அங்கே 2020 ஒக்டோபரில் ஜேர்மனியரான செபஸ்டியன் ஸ்டொய்ட்னர் சறுக்கிய அலையின் உயரம் 26.21 மீற்றர் என்று கின்னஸ் பதிந்திருக்கிறது. உங்கள் புவியியல் பாடப் புத்தகத்தில் கண்டமேடை என்றொரு சொல் வரும். அதை இனி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, இந்த அலையை நினைத்துக்கொண்டால் போதும்.

வாசகர், ஜிந்துப்பிட்டி

கேள்வி: பிரான்ஸுக்கு இந்த அலைச்சறுக்கு விளையாட்டை யார் கொண்டுபோனது?

பதில்: ஒரு திரைக்கதை ஆசிரியர். ஹெமிங்வேயின் நாவலொன்றைப் படமாக்க 1957 இல் பியாரிட்ஸ் பக்கம் வந்த பீட்டர் வியர்டெல், அங்கே உடையும் அலைகளைப் பார்த்துவிட்டுக் கலிபோர்னியாவிலிருந்து பலகையை வரவழைத்தார். ஆனால் மூலம் ஹவாய் மக்களுடையது. அவர்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக வந்த கலை. ஒலிம்பிக்கில் சேர்ந்ததோ அண்மையில்தான், 2021 இல் நடந்த டோக்கியோ போட்டியில்.

இளைஞர், மட்டக்குளி

கேள்வி: விசாவும் இல்லை, காசும் இல்லை. அப்படியொரு பயணத்தை நம் நாட்டில் செய்ய முடியுமா?

பதில்: அங்கே போகிறவர்கள் பொறாமைப்படும் அளவுக்குச் செய்யலாம் தம்பி. நம் தீவுக்கு இரண்டு பருவக் காற்று, இரண்டு கரை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வாடைக் காலம். அப்போது காற்று தென்மேற்குக் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எதிரே வரும் அலையின் முகத்தைத் தடவி, நிமிர்த்தி, நேராக்கிவிடும். ஹிக்கடுவ, மிதிகம, வெலிகம எல்லாம் அந்த ஆறு மாதத்துக்கு. மே மாதம் பிறந்ததும் காற்று திரும்பும். கிழக்கிலே கச்சான் என்பார்கள். இப்போது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவது கிழக்குக் கரையில். ஒக்டோபர் வரை அறுகம்பே, விஸ்கி பொயின்ற், பீனட் ஃபார்ம், உகந்தை. அலை எங்கோ தெற்கே, அந்தாட்டிக்காவை ஒட்டிய கடலில் புயலில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நடந்து நம் வாசலுக்கு வருகிறது. காற்று அதற்கு வாசலில் கோலம் போடுகிறது.

வழி சொல்கிறேன். மார்கழியில் காலி வீதியால் தெற்கே இறங்குங்கள். ஹிக்கடுவ ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், சைக்கிளில் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். வெலிகம விரிகுடாவின் அடி மணல், அலை மெதுவானது. பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வைகாசிக்குப் பிறகு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில். அது மலைப்பாதை. பஸ்ஸிலோ, நண்பர்கள் சேர்ந்து பிடித்த வானிலோ போங்கள். அங்கே போனதும் வாடகைச் சைக்கிள் எடுக்கலாம், ஓட்டோவும் பிடிக்கலாம். கூரையில் இரண்டு பலகை கட்டிய ஓட்டோவைப் பொத்துவில் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அங்கே அதுதான் வழமை. பலகையை வாடகைக்கு எடுங்கள், வாங்க வேண்டாம். 2022 இல் பெற்றோல் இல்லாமல் கொழும்பு முழுக்கச் சைக்கிளுக்குத் திரும்பியதே, அப்போது வாங்கிய சைக்கிள் பல வீடுகளில் இன்னும் சுவரில் சாய்ந்தபடிதான் நிற்கிறது. அதன் சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். பயணச் செலவில் பாதி குறைந்துவிடும்.

வாசகி, கொட்டாஞ்சேனை

கேள்வி: கரையோரமாக மாதக்கணக்கில் போவது வெள்ளைக்காரர் பழக்கம்தானே?

பதில்: இல்லை அம்மா. நம் கதிர்காமப் பாதயாத்திரை வேறென்ன? தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலை வணங்கிப் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று வாரக்கணக்கில் நடந்து உகந்தை முருகனிடம் வந்து சேர்வார்கள். அங்கிருந்து குமணக் காடு தாண்டிக் கதிர்காமம். போர் அந்த வழியைப் பல ஆண்டுகள் அடைத்தது. நடக்கும் கால்கள் அதை மறுபடி திறந்தன.

உகந்தையில் ஒரு காலைப் பொழுதை நான் மறக்கமாட்டேன். மலையடியில் ஈர வேட்டி காய்கிறது. தலைமூட்டையில் அரிசி, ஒரு போத்தல் தண்ணீர், விபூதிப் பை. கோயில் மணி அடிக்கும்போது கீழே கடலில் நான்கைந்து பேர் பலகையில் குந்தியிருந்து அடுத்த அலைக்குக் காத்திருக்கிறார்கள். கரையேறிய ஒரு வெளிநாட்டுப் பிள்ளைக்கு, நடந்து வந்த பாட்டி ஒருவர் தன் அவலில் ஒரு பிடி கொடுத்தார். ஆடி மாதக் கொடியேற்றத்துக்கு நடப்பவர்களும் அலைக்கு வருபவர்களும் ஒரே பருவத்தில், ஒரே கரையில் சந்திப்பது தற்செயல் அல்ல. இருவரையும் அழைத்து வருவது மழை ஓய்ந்து கச்சான் வீசும் காலம்தான்.

பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை

கேள்வி: பெண்பிள்ளைகள் அலையில் ஏறினால் ஊர் என்ன சொல்லும்?

பதில்: அறுகம்பே ஊர் முதலில் நிறையச் சொன்னது. கறுத்துப்போவாய், யார் கட்டுவார்கள், பெண்ணுக்கு இடம் அடுப்படி. 2018 இல் அங்கே பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் பிறந்தது. இலங்கையின் முதலாவது பெண்கள் கழகம் அதுதான். அதன் முன்வரிசையில் நின்றவர் ஷமாலி சஞ்சய. தாயான பிறகும் அவர் கடலை விடவில்லை. மாமல்லபுரத்தில் கமலி மூர்த்தி என்ற சிறுமியைப் பற்றி எடுத்த குறும்படம் 2020 இல் பிரித்தானிய பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனது. சறுக்குக் கட்டையில் தொடங்கிய அந்தப் பிள்ளை அலையிலும் போட்டிகளை வென்றாள். ஊர் சொல்வதை நிறுத்தும்வரை காத்திருந்தால் அலை போய்விடும் தங்கச்சி.

ஒரு தாய், மட்டக்குளி

கேள்வி: சுனாமிக்குப் பிறகு எனக்கு அலைச் சத்தமே பயம். மகன் கடலுக்குப் போகக் கேட்கிறான். எப்படி விடுவது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 2004 டிசெம்பர் 26 இல் அறுகம்பேயும் பெரும் உயிரிழப்பைக் கண்டது. ஆனால் அது வேறு, இது வேறு. அன்று வந்தது கடலடி நிலம் பெயர்ந்ததால் கடல் முழுக்க எழுந்து வந்த நீர். அவன் சறுக்கக் கேட்பது காற்று செய்யும் அலை. அதன் அசைவு கீழே போகப் போகக் குறைந்துவிடும். கடலை அறியாத பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். நிலம் அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ பார்த்துக்கொண்டு நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். இதைக் கடலில் பழகும் பிள்ளை மறக்காது. முதலில் நீச்சல், பிறகு பலகை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அதே மகன்

கேள்வி: அம்மா கடிதம் எழுதும்போது பக்கத்தில் இருந்தேன். கடல் உள்ளே இழுத்தால் என்ன செய்வது?

பதில்: அதோடு மல்லுக்கட்டாதே. கரைக்கு வந்த நீர் ஒரு வாய்க்கால் போலத் திரும்பி ஓடும் இடம் அது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை இருக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும். நல்ல இடமென்று பலரும் ஏமாறுவது அங்கேதான். அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தாதே, கரைக்குச் சமாந்தரமாக நீந்து. வாய்க்காலின் அகலம் தாண்டியதும் அலையே உன்னைக் கரைக்குக் கொண்டுவரும். களைத்துப்போனால் மிதந்துகொண்டு கையை உயர்த்து.

வாசகர், அளுத்மாவத்தை

கேள்வி: நம் காக்கைதீவுக் கடற்கரையிலேயே பழகினால் என்ன?

பதில்: வேண்டாம். அதிகாலையில் அங்கே நின்று பாருங்கள். களனி கங்கை 145 கிலோமீற்றர் ஓடிவந்து கடலில் கலக்கும் இடத்தில், மண்ணிறமும் பச்சையும் ஒரு கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்கும். அந்தக் கோட்டிலே பிளாஸ்டிக் போத்தல், ரெஜிஃபோம் துண்டு, ஒற்றைச் செருப்பு, வாழைத்தண்டு எல்லாம் வரிசையாகச் சுழலும். ஆற்றுமுகத்தின் இழுப்பும் நம்பத் தகுந்ததல்ல. படகு ஓட்டும் அண்ணன்மாரைக் கேளுங்கள், அவர்களே நேரம் பார்த்துத்தான் வெளியே போவார்கள்.

ஆனால் அந்தக் கரையைக் கைவிடவும் வேண்டாம். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து, நம் மேற்குக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் பனி கொட்டியது போல் ஒதுங்கியதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். கெட்ட கரை மீளவும் கூடும்: ஸ்பெயினில் முந்தாக்கா என்றோர் ஆற்றுமுக ஊர், அலைக்குப் பேர்போனது. 2003 இல் அந்த ஆற்றிலிருந்து பெருமளவு மணலைத் தோண்டினார்கள். மணல் திட்டின் உருவம் மாறியது, அலை உருக்குலைந்தது, உலகச் சுற்றுப் போட்டியும் கைவிட்டுப்போனது. மணல் மீண்டு வந்த பிறகுதான் அலையும் மீண்டது. ஆற்றிலே செய்வது கடலிலே தெரியும். அலை தேடிப் பயணம் போகிறவர் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

ஆசிரியர், வத்தளை

கேள்வி: தமிழனுக்கும் கடல் சாகசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான்.

பதில்: மூன்று ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். 1938: வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல், ஊர் மாலுமிகளோடு அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்கக் கரை தொட்டது. 1954: நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971: ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையைப் போய்த் திரும்பி நீந்தினார். உலகம் இரட்டை உடல் படகுக்கு வைத்திருக்கும் பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனது. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறார். 2025 ஓகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. சம்பந்தம் அறுந்துபோகவில்லை, நாம்தான் கொஞ்சக் காலம் கடலுக்கு முதுகு காட்டி வீடு கட்டினோம்.

வாசகர், பம்பலப்பிட்டி

கேள்வி: எனக்கு ஐரோப்பாதான் ஆசை. எப்போது, எவ்வளவு நாள்?

பதில்: செப்டெம்பர், ஒக்டோபர். கோடையின் சூடு கடலில் மிச்சமிருக்கும், வட அத்திலாந்திக் புயல்கள் அலை அனுப்பத் தொடங்கியிருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாளுக்கு மேல் நிற்க முடியாது, அதனால் நாடுகளைக் குறைத்து நாட்களைக் கூட்டுங்கள். நம் கடலின் இளஞ்சூட்டுக்குப் பழகிய உடம்புக்கு றப்பர் உடுப்பு கட்டாயம். வானைக் கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கப் பல கரையோர ஊர்கள் விடாது. அனுமதித்த இடத்தை முதலிலேயே தேடிவையுங்கள்.

மீன் வியாபாரி, மட்டக்குளி

கேள்வி: இத்தனை ஊர் சொன்னீர்கள். என் மகளுக்குப் பதினொரு வயது. பயணத்தை எங்கிருந்து தொடங்க?

பதில்: உங்கள் வாசலிலிருந்து. நாளைக் காலை மீன் எடுக்கப் போகும்போது அவளையும் கூட்டிப்போங்கள். கரையில் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லுங்கள். எந்தக் கன்னத்தில் காற்றுப் படுகிறது என்று கேளுங்கள். அது வாடையா, கொண்டலா, சோளகமா, கச்சானா என்று உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த வாரமும் கேளுங்கள். அவளை நீச்சல் வகுப்பில் சேருங்கள். வெலிகமவுக்கும் உகந்தைக்கும் அவள் தானாகப் போகும் நாள் வரும். அன்றைக்கு இரவு நீங்கள் கோல் எடுத்து, "மகள், காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்பீர்கள். அவளுக்குப் பதில் தெரிந்திருக்கும். அதைச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்.