உலர் நீச்சல்குளம்

நீச்சல்குளத்தில் தண்ணீர் இருந்தே தீர வேண்டும் என்பது பாமரர் கருத்து. ஜப்பானின் கனசாவா அருங்காட்சியகத்தில் கலைஞர் லியாண்ட்ரோ எர்லிச் 2004இல் அமைத்த குளத்தில், கண்ணாடிமேல் நிற்பது வெறும் 10 சென்டிமீட்டர் தண்ணீர்தான். உலகமே வந்து பார்க்கிறது. எங்கள் அடுக்குமாடிச் சங்கம் அந்த 10 சென்டிமீட்டரையும் மிச்சப்படுத்தியது.

2019 கோடை. புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு, சென்னையே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது. லாரிக்கு நிதி திரட்டக் காலிக் குளத்தில் கலைக்காட்சி வைத்தோம். வண்ண வண்ண பிளாஸ்டிக் குடங்கள், நடுவே ஒரு நைந்த ஹோஸ். தலைப்பு ‘தாகம்’. நுழைவுக் கட்டணம் நூறு ரூபாய். குழந்தைகளுக்கு ஐம்பது, கேள்வி கேட்காவிட்டால். குடங்களை இரவல் தந்த பணிப்பெண்கள் தண்ணீர் பிடிக்கத் திருப்பிக் கேட்டார்கள். கலைப்பொருளைத் தொடக் கூடாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னோம்.

ஆனால் மழைக்குக் கலையுணர்வு கிடையாது. அக்டோபரில் கொட்டிக் குளத்தை நிரப்பிவிட்டது. விடுவோமா? திரட்டிய நிதியில் மோட்டார் வாடகைக்கு எடுத்து, இரவோடு இரவாக இறைத்துத் தெருவில் விட்டோம். படைப்பு பிழைத்தது. காலையில் வரச் சொல்லியிருந்த தண்ணீர் லாரிதான், தெருவில் தண்ணீர் தேங்கியிருந்ததால் உள்ளே வர முடியவில்லை.