விதுராவில் கடைசி உறைபனி எப்போது?

அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா மகன், சாக்லேட்டோடு ஒரு முள்ளங்கி விதைப் பாக்கெட்டையும் வைத்துவிட்டுப் போனான். கோலிக்குண்டு அளவில் சிவப்பாக இருக்குமாம், 25-30 நாளில் பிடுங்கலாமாம். கடைசி உறைபனிக்கு 4 வாரம் முன்பு விதைக்கச் சொல்லிப் பின்பக்கம் போட்டிருக்கிறது. போனவன் சும்மா இருந்தானா? நேற்று ராத்திரியும் குடும்பக் குழுவில் கேட்கிறான், "மாமா, உங்க ஊர் ஃப்ராஸ்ட் டேட் பாத்தாச்சா?" அதற்குக் கட்டைவிரல் தூக்கிய சொந்தபந்தங்களை நான் மறக்கப்போவதில்லை.

நாங்கள் இருக்கும் விதுரா, பொன்முடி அடிவாரம். தென்மேற்குப் பருவமழையான இடவப்பாதி போனால் வடகிழக்குப் பருவமழையான துலாமழை, துலாமழை போனால் வியர்வை. அவன் இருக்கும் நியூ ஜெர்சியில் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ உறைபனி விடைபெறும். இங்கே மே மாதம் விடைபெறுவது என் பொறுமை மட்டும்தான். உறைபனி பார்க்க டிசம்பர், ஜனவரியில் மூணாறுக்கோ ஊட்டிக்கோ ஸ்வெட்டர் இரவல் வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

விதுராவில் உறைபனி விழும் ஒரே நிலப்பரப்பு எங்கள் வீட்டு ஃப்ரீசர். கதவு ரப்பர் தளர்ந்த நாளிலிருந்து அங்கே குளிர்காலம். முதலில் மத்திப் பொட்டலம் வெளுக்கும், பிறகு துருவிய தேங்காய் டப்பா. கடைசியில் ஐஸ் தட்டு சுவரோடு சுவராகி, தோசைத் திருப்பியால் நெம்பினாலும் வராது. மனைவி பொறுக்கமாட்டாமல் டீஃப்ராஸ்ட் பொத்தானை அமுக்கும் நாள்தான் கடைசி உறைபனி. அது எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. மத்தி விலை, விருந்தாளி வரவு, துலாமழை இடியில் போகும் கரண்ட் எல்லாம் கூடித் தீர்மானிப்பது. "எப்போ அமுக்கப்போறே? 4 வாரம் முன்னாடியே சொல்லிடு, முள்ளங்கி போடணும்" என்றேன். பதில் இல்லை. பொத்தானை அமுக்கியதும் தண்ணீர் வழிந்து காய்கறித் தட்டு நனையும். அதை இடவப்பாதி மழைக் கணக்கில் சேர்ப்பதா, துலாமழைக் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சேட்டன், நட்சத்திரக் கணக்கில் நடவு பார்க்கும் ஞாற்றுவேலைக்காரர். திருவாதிரை ஞாற்றுவேலையில் கம்பை நட்டாலும் துளிர்க்கும் என்பார். மிளகுக்கொடியைப் பறங்கி கொண்டுபோகட்டும், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி கேட்ட கதையை ஜூன் தவறாமல் சொல்வார். சேட்டா, அந்த மழையில் முள்ளங்கி அழுகும் என்றால் காதில் விழாது. திருநெல்வேலி மாமனாருக்கோ ஆடிப்பட்டம். தேதி சொல்ல எல்லாருக்கும் வாய் இருக்கிறது, மண்வெட்டி பிடிக்க ஒருத்தரும் வருவதில்லை.

துலாமழை ஓய்ந்ததும் பூசா சேத்கி முள்ளங்கி போட்டால் 40-45 நாளில் எடுக்கலாம். வெயில் தாங்கும் ரகம். எடுக்காமல் விட்டால் உள்ளே பஞ்சாகிவிடும். சரியான நாளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காட்டுப்பன்றி அதை எனக்கு ஒரு நாள் முந்தியே கண்டுபிடித்துவிடுகிறது. கிழங்கைத் தின்றுவிட்டு இலையை மட்டும் வரப்பில் போட்டுப் போகிறது. முள்ளங்கிக் கீரை உடம்புக்கு நல்லது என்று சேட்டன் மதில் மேலிருந்து சொல்கிறார்.