அடக்கச் சொன்னால் காரணமும் சொல்லுங்கள்

1980களில் எங்கள் ஊரான திருவண்ணாமலையில் பெண்களுக்குச் சிறுநீரை அடக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போவதானாலும், வெளியூர் பஸ் ஏறுவதானாலும் முதல் ஏற்பாடு தண்ணீர் குடிக்காமல் கிளம்புவதுதான். வழியில் ஒதுங்க இடம் இருக்காது. இருட்டும்வரை பொறுத்துக்கொள்ளச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் என் அத்தைக்குப் பெரும்பாடு வந்தது. மாதத்தில் பத்து நாளுக்கு மேல் உதிரம் போகும். முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வீட்டு ஆண்களிடம் "வயித்து வலி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1989இல்தான். ஸ்கேன் என்றால் எங்கள் வீட்டில் மாவட்டத் தலைநகரான வேலூர் என்று அர்த்தம். போளூர், கண்ணமங்கலம் வழியாக பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

டாக்டர் கொடுத்த சீட்டில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரவும் என்று எழுதியிருந்தது. ஏன் என்று எழுதவில்லை. "இன்னாடி இது, பஸ் ஏறப்போறவள தண்ணி குடிக்கச் சொல்றாங்க?" என்றாள் அத்தை. வழக்கம்போல வாயை மட்டும் நனைத்துக்கொண்டு புறப்பட்டாள். ஸ்கேன் அறையில் 'பை நிரம்பவில்லை' என்று வெளியே உட்காரவைத்தார்கள். குழாயடியில் நின்று டம்ளர் டம்ளராகக் குடித்தாள். நிரம்பி முட்டியபோது உள்ளே வேறொருவர் இருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடுகையில் அத்தை சுவரைப் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பார்த்து முடித்து வெளியே வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "கட்டி ஒண்ணுக்குப் பையிலயாடி இருக்குது?"

கட்டி இருந்தது கர்ப்பப்பையில். தண்ணீர் குடித்து அடக்கச் சொன்னதால் நோயும் அங்கேதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த பயத்தோடுதான் ஊர் திரும்பினாள்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது கொஞ்சம்தான். ஸ்கேன் கருவி அனுப்புவது காதுக்குக் கேட்காத ஒலி. எக்ஸ்ரேயில் இருக்கும் கதிர்வீச்சு இதில் கிடையாது. அந்த ஒலி நீரில் தடையில்லாமல் போகும். காற்றில் முட்டித் திரும்பிவிடும். அடிவயிற்றில் குடல் இருக்கிறது, குடலில் காற்று இருக்கிறது. சிறுநீர்ப்பை நிரம்பினால் குடலை மேலே ஒதுக்கிவிடும். அந்த நீர் வழியாக, பின்னால் இருக்கும் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் தெளிவாகத் தெரியும். வயிற்றில் ஜெல் தடவுவதும் தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று நிற்காமல் இருக்கத்தான். சிறுநீர்ப்பை நிரம்பத்தான் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கச் சொல்கிறார்கள். அடிவயிறு மட்டும் பார்ப்பதென்றால் பட்டினி கிடக்கத் தேவையில்லை. மேல்வயிறும் சேர்த்துப் பார்ப்பதானால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள்.

டிவிஎஸ் எனப்படும் ஸ்கேனுக்கு இதற்கு நேர்மாறான தயாரிப்பு. உறை மாட்டிய மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பின் வழியே வைத்துப் பக்கத்திலிருந்தே பார்ப்பதால், சிறுநீர் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். அதற்கு நம் சம்மதம் வேண்டும். பெண் உதவியாளர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். உடலுறவு கொண்டிராதவர்களுக்குப் பொதுவாக வயிற்றின் மேல் வைத்தே பார்ப்பார்கள்.

அடிவயிற்று ஸ்கேன் தொடங்கிய கதையிலும் ஒரு பெண்ணின் வயிற்றுக் கட்டி இருக்கிறது. கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட் 1955இல், நம் திருச்சி பெல் போலக் கொதிகலன் செய்யும் ஒரு ஆலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியில், அறுத்தெடுத்த கட்டிகளை வைத்துப் பார்த்தார். பின்னர், குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது சினைப்பை நீர்க்கட்டி என்று ஸ்கேன் காட்டியது. அதை அகற்றினார்கள், அவர் பிழைத்தார். 1958இல் லான்செட் இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது.

இன்று வேலூருக்கு பஸ் ஏற வேண்டாம். திருவண்ணாமலையிலேயே ஸ்கேன் சென்டர்கள் இருக்கின்றன. என் மகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனபோது உள்ளூரிலேயே பார்த்தோம். தண்ணீர் குடிக்கும் காரணத்தை அவள் போனிலேயே படித்து வைத்திருந்தாள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியபோதோ அத்தையின் முகத்தில் பார்த்த அதே பயம் அவள் முகத்திலும். அதில் நீர்க்கட்டிகள் என்று இருந்தது. இது அத்தைக்கு இருந்ததுபோல் வெட்டி எடுக்க வேண்டிய கட்டி அல்ல, முதிராமல் தங்கிய சிறுசிறு சினைமுட்டைப் பைகள் என்று ரிப்போர்ட் கொடுத்தவர் சொல்லவில்லை. டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று முடிவு கட்டக்கூடாது. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும் என்பது 2003இல் ராட்டர்டாமில் வகுத்த விதி. அத்தைக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். இன்று அதே மாதிரிக் கட்டிக்கு மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் அகற்றும் அறுவை என்று பல வழிகள் உண்டு. எது தனக்குப் பொருந்தும் என்று கேட்க, ரிப்போர்ட்டில் இருப்பது என்னவென்று ஒரு பெண்ணுக்கு முதலில் புரிய வேண்டும்.

ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் ஒரு பலகை தொங்குகிறது: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது. 1994இல் இயற்றி 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அது கட்டாயம். அந்தச் சட்டம் இன்னும் அவசியம். 2018 டிசம்பரில் எங்கள் ஊரிலேயே பாலினம் பார்த்துக் கருக்கலைப்பு செய்ததாகக் கைது நடந்தது. சொல்லக்கூடாததைச் சொல்லமாட்டோம் என்று அறிவிக்கப் பலகை இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லவும் அதன் பக்கத்திலேயே ஒன்று வேண்டும்.

உங்களுக்கு எடுக்கப்போவது எந்த ஸ்கேன், அதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டுமா காலியாக இருக்க வேண்டுமா, ஏன் என்று அதில் தமிழில் இருக்கட்டும். தண்ணீர் குடித்து வந்தவர்களை டோக்கன் வரிசையில் காக்கவைக்காமல் ஆளுக்கொரு நேரம் குறித்துக் கொடுங்கள். அறைக்குப் பக்கத்திலேயே தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும். கடைசியாக, ரிப்போர்ட்டை நீட்டுகிறவர், அதை யாரிடம் காட்டி என்ன கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.