கைகாட்டியார்

ரயில்வே தன் பழைய கைகாட்டி மரங்களைப் பெரும்பாலும் கழற்றிவிட்டு வண்ண விளக்குக்கு மாறிவிட்டது. கழற்றிய கைகளெல்லாம் எங்கே போயின என்று தெரிய வேண்டுமானால் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையைப் பாருங்கள். சிக்னலுக்கு வெகுதூரம் தள்ளி, இடது கையில் மஞ்சப்பை, வலது கையின் ஐந்து விரலையும் விரித்தபடி ஒருவர் தாரில் இறங்குவார். அவர்தான் கைகாட்டியார். ஓட்டுநரின் முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டார். பார்த்துவிட்டால், 'ஆள் நம்மைக் கவனித்துவிட்டார், அவரே நிற்கட்டும்' என்று வண்டிக்காரருக்குத் தைரியம் வந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். மீடியனை எட்டியதும் பை வலது கைக்கு மாறும், இடது கை எழும். இனி வண்டிகள் இடப்பக்கமிருந்தல்லவா வரும்?

இவரைப் படிக்காத ஜன்மம் என்று காருக்குள் இருப்பவர்கள் திட்டுவது நியாயமில்லை. சந்திப்பில் நாலு திசையிலிருந்தும் வண்டி வரும். 'ஃப்ரீ லெஃப்ட்' என்ற பெயரில் இடப்பக்கம் திரும்புகிறவர் எந்த விளக்குக்கும் நிற்பதில்லை. சாலை நடுவிலோ ஒரு நேரத்தில் ஒரே திசைதான். (ராங் சைடில் வரும் ஸ்கூட்டரை எந்த சாஸ்திரத்திலும் அடக்க முடியாது.) நடைமேம்பாலம் எதற்கு இருக்கிறது என்பீர்கள். அடியில் லாரி போக ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும்; அப்படியானால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. லாரிக்குத் தலை இடிக்கக் கூடாது என்பதற்காக முட்டிவலிக்காரர் மலையேற வேண்டும். லிஃப்ட், ஓடுகிற நாளில் நல்ல வசதிதான்.

அவர் கணக்கு தப்புவது வேறு இடத்தில். மூன்று தடம் என்றால் பத்தரை மீட்டர். சாதாரண நடையில் ஒன்பது விநாடி. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அதற்குள் 150 மீட்டர் வந்துவிடும். இதைக்கூடக் கண்ணாலேயே அளந்துவிடுவார். அளக்க முடியாதது, அவர் கைக்கு மரியாதை கொடுத்து நிற்கும் பேருந்துக்குப் பின்னால் இருப்பது. கை பேருந்துக்காரருக்குத்தான் தெரியும். 'ஏன் நிற்கிறான் இவன்' என்று வலப்பக்கமாக ஒடித்து வெளியே வரும் பைக்குக்குத் தெரிவது பேருந்தின் முதுகு மட்டும். நிற்காத வண்டியைவிட நின்ற வண்டிதான் ஆபத்து என்பதை ஐம்பது வருஷமாகச் சாலையைக் கடந்தவரும் நம்ப மாட்டார். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஓரமாக நடந்தவர்களும் இதில் சேர்த்திதான் என்றாலும், கையை நம்பியவர்கள் கொஞ்சமாக இருக்க மாட்டார்கள்.

பிடித்து அபராதம் போட்டால் திருந்துவார் என்று ஒரு கட்சி உண்டு. உடனடி ஆபத்து இல்லாதவரை குறுக்கே கடப்பவரைப் போலீஸ் நிறுத்தக் கூடாது என்று கலிஃபோர்னியாவே 2022இல் சட்டத்தை மாற்றிவிட்டது. அபராதம் போட்டாலும் பஸ் ஸ்டாப் இந்தப் பக்கமும் மருந்துக்கடை அந்தப் பக்கமும்தானே இருக்கப் போகின்றன? அவர் கடக்கும் முறை தப்பு, இடம் சரி. எங்கே கோடு போட்டு, மேடு கட்டி, வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சம்பளமில்லாமல் சர்வே எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதன் அறிக்கை மீடியன் கிராதியிலேயே இருக்கிறது: ஒரு கம்பி மட்டும் ஆள் நுழையும் அளவுக்கு வளைந்திருக்கும். அதை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் பக்கத்துக் கம்பி வளைந்திருக்கும்.