மூணு பந்தையும் அசையாமல் வைத்திருப்பது எப்படி?

உத்தமபாளையத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனி, ஆடியில் கம்பம் கணவாய்க் காற்று அடித்தால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் துண்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காற்றை நம்பித்தான் தேனிப் பக்கம் காற்றாலைகளே நட்டிருக்கிறார்கள். ஆனால் பித்தப்பையிலோ குடலிலோ ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கிடக்கிற நம்மூர்க்காரரால், மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கிற கையகல பிளாஸ்டிக் டப்பாவில் உள்ள மூன்று பந்துகளில் ஒன்றைக்கூட மூச்சால் தூக்க முடிவதில்லை. தூக்காமலே காலத்தை ஓட்ட நினைப்பவர்களுக்காக இந்தக் கையேடு. மதுரையில் படுத்தாலும் சரி, க.விலக்கு மெடிக்கல் காலேஜில் படுத்தாலும் சரி, முறை ஒன்றுதான்.

வேலையை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குவது நல்லது. “டப்பாவை இப்பவே வாங்கிப் பழகுங்க” என்று டாக்டர் சொன்னால், “முதல்ல ஆபரேஷன் முடியட்டும் சார்” என்று சொல்லிவிடுங்கள். பீடியையும் அதுவரை விட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 441 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வந்தது. மேல்வயிற்றில் ஆபரேஷன் ஆகப்போகிறவர்களில் பாதிப் பேரோடு ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்கூட்டியே அரைமணி நேரம் உட்கார்ந்து, எப்படி மூச்சிழுக்க வேண்டும், ஏன் இழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மீதிப் பேருக்கு ஒரு சிறு புத்தகம் மட்டும். புத்தகக்காரர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது; பாடம் கேட்டவர்களில் 12 பேருக்குத்தான். ஆகவே யாராவது சொல்லித்தர வந்தால் அந்த அரைமணி நேரம் கேண்டீன் பக்கம் போய்விடுங்கள். படித்துத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை இருக்கிறதே.

டப்பா கைக்கு வந்ததும் ஊதுங்கள். வார்டில் எல்லோரும் “பந்தை ஊதுங்க” என்றுதான் சொல்வார்கள். கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதலாம். பந்து அசையாது. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி மெதுவாக உள்ளே இழுத்தால்தான் அது ஏறும். இந்த ரகசியத்தைப் பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

தப்பித்தவறி இழுக்கத் தெரிந்துவிட்டால், வெடுக்கென்று இழுங்கள். டப்பாவின் மேல் 600, 900, 1200 என்று போட்டிருக்கும். காற்று நொடிக்கு எத்தனை மில்லி வேகத்தில் போனால் எந்தப் பந்து ஏறும் என்கிற கணக்கு அது. வேகத்தின் கணக்கே தவிர, உள்ளே போன காற்றின் கணக்கு இல்லை. ஒரே வெடுக்கில் மூன்றும் ‘டக்’கென்று மேலே முட்டி விழும், பார்க்க வந்த சம்பந்தி கை தட்டுவார், நுரையீரலின் அடிப்பக்கத்துக்குக் காற்று எட்டியிருக்காது. நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டை இறுக்கி, நிதானமாக இழுத்து, ஒன்றிரண்டு பந்துகளை மூன்று நொடியாவது மிதக்கவிட்டு, மூச்சைப் பிடித்துவைத்து விடுபவரைப் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தடவை இப்படிச் செய்வார். தலை சுற்றினால் கொஞ்சம் ஓய்வெடுத்துத் தொடர்வார். சீக்கிரம் வீட்டுக்கும் போய்விடுவார்.

வலிக்கு மருந்து கொடுத்தால் மறுத்துவிடுங்கள். இதுதான் இந்தக் கையேட்டின் உயிர்நாடி. மயக்க மருந்து கொடுக்கும்போதே நுரையீரலின் அடியில் உள்ள காற்றறைகள் சுருங்கிக்கொள்கின்றன. ஆழமாக மூச்செடுத்தால் அவை திரும்ப விரியும். ஆனால் தையல் வலிக்கிறதே. வலிக்குப் பயந்து மேலாக மூச்சுவிடுவோம், இருமலை அடக்குவோம். அடக்கின சளி அடியிலேயே தங்கும். தங்கின இடத்தில் கிருமி வளர்ந்து நிமோனியாவாகும். இவ்வளவும் தானாகவே நடக்கும், நீங்கள் சும்மா படுத்திருந்தால் போதும். தலையணையை மடக்கித் தையல்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும் என்று நர்ஸ் சொல்வார். தலையணை தலைக்கு என்று வாதாடுங்கள்.

மிச்சத்தைச் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். சின்னமனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள். நீங்கள் எழுந்து உட்காரப் போனால், “படுங்க மாமா, தையல் பிரிஞ்சுரப் போகுது” என்று நாலு கை சேர்ந்து அமுக்கும். நர்ஸ் வராந்தாவில் நடக்கவைத்தால் அவரைத் திட்டவும் ஆள் உண்டு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சைக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கும் நடுவில் டப்பா ஒளிந்துவிடும். பேரன் அதை எடுத்து வாயில் வைத்து விளையாடினால் விட்டுவிடுங்கள். இல்லையா, கொரோனா காலத்தில் யாரோ வாங்கி பீரோ மேல் போட்டிருக்கிறார்களே, அதைக் கடன் வாங்குங்கள். ஒரு டப்பா ஒரு ஆளுக்குத்தான் என்பதெல்லாம் வியாபாரிகள் கிளப்பிவிட்டது என்று சொல்ல ஊரில் ஆளா இல்லை?

படித்தவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. இந்த டப்பா முறையை அமெரிக்காவில் டாக்டர் பார்ட்லெட்டும் கூட்டாளிகளும் 1970களில் பிரபலமாக்கினார்கள். பின்னாளில் காக்ரேன் குழு, மேல்வயிற்று ஆபரேஷன் ஆனவர்களிடம் நடந்த சோதனைகளைத் திரட்டி 2014இல் வெளியிட்ட ஆய்வு, இதனால் பலன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் காணவில்லை. “பாத்தியா, டப்பாவே டுபாக்கூர்” என்று இதை வைத்தே தூக்கி எறியலாம். டப்பா தனியாக நின்று ஒன்றும் கிழிக்காது என்பது உண்மைதான். 2013இல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்று தன் அனுபவத்தை எழுதியபோது டப்பாவோடு இருமலும் ஆழ்ந்த மூச்சும், வாய் சுத்தம், நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, கட்டிலை விட்டு எழுவது, தலைமாட்டை உயர்த்துவது என்று ஆறையும் சேர்த்தே வைத்தது. எறிந்துவிட்டு நீங்கள் மற்ற ஐந்தையும் செய்துவிட்டால் என் கையேடு வீண். எறிந்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் கிண்டல் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வார்டில் இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால் 108க்குப் போன் போடுங்கள்.