மூளைக்குள் எச்.ஐ.வி.

கேள்வி: எச்.ஐ.வி. தாக்குவது நோய் எதிர்ப்புச் சக்தியைத்தானே? மறதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ரத்த சம்பந்தம்தான். எச்.ஐ.வி.யின் முதல் குறி சி.டி.4 வெள்ளணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்க வேண்டிய அவை 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் நிலை. மூளையோ கண்டதையும் உள்ளே விடாத கறார் பேர்வழி. ரத்தத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. ஆனால் மோனோசைட் என்ற காவல் அணுக்கள் அதைத் தாண்டிப் போகும். தொற்றிய சில வாரங்களிலேயே, போலீஸ் ஜீப்பில் ஏறிக்கொண்ட திருடன் மாதிரி, வைரஸ் அவற்றுக்குள் ஒளிந்து மூளைக்குப் போய்விடுகிறது.

போனபின் நரம்பணுக்களில் அது பெருகுவதில்லை. மூளையின் சொந்தக் காவலர்களான மைக்ரோகிளியாவில் குடியேறுகிறது. அவை கக்கும் அழற்சிப் பொருள்களும் வைரஸின் புரதங்களும்தான் நரம்பணுக்களை வதைக்கின்றன. முதலில் அடிவாங்குவது கவனமும் வேகமும்: மீதிச் சில்லறையைக் கணக்குப் பார்க்கக்கூட நேரமெடுக்கும்.

கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-இல் பரவத் தொடங்கியபின் கடுமையான மறதிநோய் அரிதாகிவிட்டது. லேசான தடுமாற்றம் சிலருக்கு நீடிக்கிறது. சிகிச்சைக்கு முன் சி.டி.4 எண்ணிக்கை அதலபாதாளத்துக்குப் போனவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே மாத்திரையைச் சீக்கிரம் தொடங்குவது மூளைக்கும் லாபம். அதற்காக, சாவியைத் தொலைத்த பழியையெல்லாம் வைரஸ் மேல் போட முடியாது. மனச்சோர்வு, மது, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் மருத்துவர் விசாரிப்பார்.