செத்தவனுக்கே பயிற்சி

வேலையிடத்தில் ஆள் செத்தால் காரணம் என்ன? கவனக்குறைவு. யாருடைய கவனக்குறைவு? செத்தவனுடையதுதான், சந்தேகமென்ன! மறுத்துப் பேச அவன் எழுந்து வரப்போவதில்லை. விசாரணையும் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆகவே பயிற்சியும் அவனுக்கே. ஆண்டுதோறும் மார்ச் 4 தொடங்கிப் பாதுகாப்பு வாரம். பேனர் கட்டுவார்கள், வடை, டீ வரும். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மஞ்சள் ஹெல்மெட்டுகள் முன்வரிசைத் தலைகளில் ஏறும். கையை நீட்டி உறுதிமொழி. போட்டோ எடுத்த கையோடு ஹெல்மெட்டுகளை எண்ணி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கீறல் விழுந்துவிடக் கூடாதே. ஹெல்மெட் கணக்கு எந்த வருடமும் பிசகாது. தலைக்கணக்குதான் அவ்வப்போது குறையும்.

2022 ஏப்ரல் 21. மதுரை நேரு நகரில் மாநகராட்சிக் கழிவுநீரேற்று நிலையம். மோட்டார் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளி தொட்டிக்குள் விழுந்தார். காப்பாற்றப் போன இருவரும் உயிரோடு திரும்பவில்லை. மூவரையும் விஷவாயு கொன்றது. சாக்கடையில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. அங்கே பாடம் படித்த மூக்கால் பயனில்லை. வாயுமானி வேண்டும், காற்று ஊதும் ப்ளோயர் வேண்டும், இடுப்பில் பெல்ட், மேலே தூக்க முக்காலியும் கயிறும், சுவாசக் கருவி. இவ்வளவுதான் சாமான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது குற்றம் என்று 2013இலேயே சட்டம் போட்டாயிற்று. கூட்டாளிக்காகப் பாய்ந்தவர்களுக்குப் பயிற்சி போதாது என்று சொல்லும் கனவான்கள் இருக்கிறார்கள். கயிறு வாங்கிப் போடாதவருக்கு எந்தப் பயிற்சி போதவில்லை, ஐயா?

அதே வருடம் நவம்பரில் திருமங்கலம் பக்கம் அழகுசிறையில் பட்டாசு ஆலை வெடித்து ஐந்து பேர். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். அங்கே உரிமம் ஒருவர் பெயரில். ஷெட்டுகளை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் பலர். மருந்து கலந்தவர்கள் மட்டும்தான் நேரில் இருந்தவர்கள்.

இந்த உயிர்களுக்குச் சட்டம் போட்ட விலையைக் கேளுங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, பாதுகாப்பு விதியை மீறியதால் ஆள் செத்தால் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாயாக இருந்தது. சந்தையில் ஒரு கறவை எருமை அதைவிடக் கூடுதல். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 5 லட்சமாக ஏறியிருக்கிறது. சந்தோஷப்படுமுன் அதே தொகுப்பின் இன்னொரு வரியையும் படியுங்கள். மின்சாரத்தில் ஓடும் ஆலையில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். இருபது பேர் வேண்டும் என்கிறது 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதியது. அதாவது நம் சோழவந்தான் வட்டாரத்தில் பதினைந்து பேர் நெல் அவித்து அரைக்கும் ரைஸ் மில் ஒரே இரவில் தொழிற்சாலை இல்லை என்றாகிவிட்டது. மோட்டாருக்கு இன்னும் சேதி வரவில்லை. மூடி இல்லாத பெல்ட் பழைய வேகத்திலேயே சுற்றுகிறது, வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ கிடைக்குமா என்று. தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி கட்டாயமாக வேண்டுமென்றால் 500 பேர் வேண்டும்; ஆபத்தான தொழில் என்றால் 250. அந்த மில்காரர் ஊரையே வேலைக்கு வைத்தால்தான் உண்டு.

தென்னை மரம் ஏறுகிறவருக்கோ பேனரும் இல்லை, வடையும் இல்லை. மரத்துக்குக் கூலி. விழுந்தால் விதி.

அடுத்த மார்ச்சில் உறுதிமொழி வாசிக்க வரும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். கையை நீட்டச் சொல்வதாக இருந்தால் முதலாளியை, ஒப்பந்தக்காரரை, உரிமத்தைக் குத்தகைக்கு விட்டவரை முன்வரிசையில் நிறுத்தி நீட்டச் சொல்லுங்கள். தொழிலாளி வேலையைப் பார்க்கட்டும். அவர் கையை நீட்டி நீட்டித்தான் விரல்கள் போயிருக்கின்றன.